மொழியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் திரையில் நாற்பது போஸ்டர் இருந்தது.
பன்னிரண்டாக்கினேன், பிறகு மூன்று.
"எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று ஒரே கேள்வி.
இதற்கு மேல் குறைக்க ஒன்றுமில்லை என்றுதான்
நகரிக்கு பஸ் ஏறினேன்.

விசைத்தறிக் கொட்டகையில் கரண்ட் போயிருந்தது.
முனிலட்சுமி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
போனை வாங்கினாள்.
மொழி கேட்ட இடத்திலேயே
விரல் நின்றுவிட்டது.

"பேசுறது தமிழு. படிச்சது தெலுங்கு.
தமிழெழுத்து பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்.
இதுல ஒண்ணத்தான் தொடணுமா?"

அந்தத் திரையை வரைய
எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை எனக்கு.

காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று
என்று நோட்டில் எழுதுவதற்குள்
பக்கத்துத் தறி துளசம்மா எட்டிப் பார்த்து
"பேய்ப் படம் போடுடி" என்றாள்.

நேரம்?
"கரண்ட் வர்ற வரைக்கும்."

அப்படி ஒரு பொத்தான் என்னிடம் இல்லை.
பதினைந்து, முப்பது, அறுபதுதான்.
முப்பதைத் தொட்டாள், என் மனம் நோகாமலிருக்க.

மூன்று படங்கள் வந்து நின்றன.
விரல் நடுப் படத்துக்குப் போகையில்
குழல்விளக்கு இரண்டு முறை கண்ணடித்தது.
பதினெட்டுத் தறிகளும் ஒன்றாக அறையத் தொடங்கின.

போனைத் திருப்பித் தந்தபோது
ஏதோ சொன்னாள்.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது,
சப்டைட்டில் இல்லாமல்.