நேர வலயம்: கொட்டியாரக் குடா

டிக்கெட் இலக்கம் 2096.
தலைப்பு: பிறப்பு நேரங்கள் அரை மணி பிசகுகின்றன.
முன்னுரிமை: குறைவு.
என் பெயரில் போட்டுவிட்டு
தினேத் கொழும்பில் சாப்பிடப் போய்விட்டான்.

உவர்மலையில் மாடி அறை.
ரவுட்டர் வந்த அட்டைப் பெட்டியை
கீழே ஒரு மான் நின்று மென்றுகொண்டிருக்கிறது.
கேட்டைப் பூட்டாதது நான்தான்.

வேலை சின்னது.
பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தட்டச்சிய பிறப்புகள்;
நேரத்துக்கு ஒரு பத்தி, வலயத்துக்கு ஒன்றுமில்லை.
யாரோ எல்லாவற்றையும் ஐந்தரை என்று எடுத்திருக்கிறார்கள்.
கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன்.
நான்தான்.
போன தை மாதம், வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஆறு ஏழுக்கு.
கொமிட் செய்தி: சின்னத் திருத்தம்.

தொண்ணூற்றாறு வைகாசியில்
நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள்,
ஐப்பசியில் அரை மணி பின்னே இழுத்தார்கள்,
இரண்டாயிரத்து ஆறு சித்திரையில்
பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.
நேர வலயக் கோப்பில் இது மூன்றே வரி.

மீதியை உதவியாளன் சாம்பல் எழுத்தில் சொன்னான்:
வலயத்தைக் கொழும்பு என்று மாற்று, அவ்வளவுதான்.
டாப் விசையைத் தட்டினேன்.
நாற்பத்தொரு டெஸ்ட், நாற்பத்தொன்றும் பச்சை.
டெஸ்ட்டையும் அவன்தான் எழுதினான் என்பது
கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
பிறந்த இடம்: சம்பூர், ஈச்சிலம்பற்று.
அங்கே கடிகாரத்தை ஒருவரும் தள்ளவில்லை.
அந்தக் கோப்பில் அதுவும் இருக்கிறது,
# குறிக்குப் பின்னால், குறிப்பாக,
வாசிக்கிற மனிதருக்கு மட்டும்.
இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.

பத்து வருடம்
கொட்டியாரக் குடாவின் அகலம் அரை மணி.
இங்கே ஏழு, அங்கே ஆறரை.
லோஞ்சில் வந்து இறங்கியவர்கள்
மணிக்கூட்டைத் திருகியிருப்பார்கள், அல்லது
திருகாமலே கச்சேரிக்குப் பிந்தியிருப்பார்கள்.

வரி 188:
சம்பூர், 1999 ஆவணி 22, பூச்சியம் மணி பத்து நிமிடம்.
ஊர்க் கடிகாரம் என்றால் சரி.
மூதூரில் பதிந்தவர் தன் மணிக்கூட்டுக்கு மாற்றி எழுதியிருந்தால்
ஊருக்கு அது இன்னும் இருபத்தோராம் திகதி,
பதினொன்று நாற்பது.
ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து
ஒரு பிள்ளையின் பிறந்தநாளை நகர்த்தப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து நுஸ்கி எழுதுகிறான்:
அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளுங்க,
முந்நூறு பேர்தானே, ஒருத்தரும் முறையிடல்ல.
தினேத் இரண்டே சொல்லில்: எட்ஜ் கேஸ்.
ஜன்னலுக்கு வெளியே எனக்குத் தெரிவதெல்லாம்
விளிம்புதான், நீலமாக.

பத்தி ஒன்று சேர்த்தேன்: எந்தக் கடிகாரம்?
மூன்று விடை: கொழும்பு, ஊர், தெரியாது.
தெரியாது என்பதற்கு லின்டர் சிவப்புக் கோடு போட்டது,
அதன் வாயை அடக்க ஒரு வரி.
ஆறு டெஸ்ட் விழுந்தன.
இப்போதுதான் கோட் மேல் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.
கொமிட் செய்தியைச் சின்னத் என்று தொடங்கி
அழித்தேன். முடித்தபோது பதினெட்டு வரி.

ரிவ்யூவில் தினேத் கேட்டான்:
தெரியாது என்றால் திரையில் என்ன காட்டுவது?
எழுதிய நேரத்தைக் காட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி
என்று தட்டிக்கொண்டிருக்கக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிடுகிறது.
கீழே மான் பெட்டியை முடித்து
இப்போது பபிள் ஷீட்டை மோந்து பார்க்கிறது;
இறங்கிப்போய்ப் பிடுங்க வேண்டும்.

நாளைக்கு வெள்ளி.
வெள்ளியில் மேர்ஜ் செய்வதில்லை என்று ஒரு விதி இருக்கிறது.
நான்தான் எழுதினேன்,
இன்றைக்குப் பத்து நிமிடத்துக்கு முன்.