மூன்றாம் படத்தில் ஒரு புள்ளி

அச்சாகி வந்துவிட்டது
டாக்டர் கெம்பபாசியின் ஆய்வு:
எச்.ஐ.வி.யும் எலும்பின் அடர்த்தியும்.
ஆறு வருடம், பதினான்கு பக்கம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு இடுப்பெலும்புகள்.

கபாலே மருத்துவமனைக்கு
இன்னொருவன் பைக்கின் பின்சீட்டில் வந்து
மாவுக்கட்டுக் கையோடு இறங்குகிறான்
துமுஹைர்வே. இவனும் பைக் டாக்சிக்காரன்தான்.

"இதில் நான் எங்கே?"

பெயர் கிடையாது, எண்கூட இல்லை என்கிறாள்.
மூன்றாம் படத்தை விரிக்கிறாள்.
சரிந்திறங்கும் ஒரு கோடு,
சுற்றிலும் கலைந்த எறும்புகளாய்ப் புள்ளிகள்.
கோட்டுக்கு வெகு கீழே தனியாய் ஒன்று.

"இதுதானே?
நாய்க்காகப் பிரேக் அடித்தேன்.
விழக்கூட இல்லை.
கை முறிந்துவிட்டது."

அவளுக்குத் தெரியும்.
சொல்லக் கூடாது.

"அப்போது எலும்பைப் பற்றி
யார் பேசினார்கள் டாக்டர்,
சாகாமலிருந்ததே
பெரிய சேதி."

பக்கத்தின் அடியில் பொடி எழுத்து.
விரல் வைத்து
அவன் மொழியில் வாசிக்கிறாள்:

ஒரு மதிப்பு
மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்கிறது.
சரிபார்க்கப்பட்டது.
நீக்கப்படவில்லை.

வெளியே ஹாரன் அடிக்கிறான் கூட வந்தவன்.

"அந்தக் கடைசி வரியை
இன்னொரு தரம்"
என்கிறான்.