கேட்காமல் அழிக்காதே

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, தோளால் இடிக்கும்.
இரவு ஒன்றே முக்கால்.
கடைசிப் படகு போர்வெனிரில் கட்டியாயிற்று.
காலை ஒன்பதுக்கு அடுத்தது.
அதற்குள் முடிக்க வேண்டும்.

சர்வர் புதிது, சனிக்கிழமை ஏற்றியது.
ஆனாலும் திரையின் இடது ஓரத்தில்
பழைய பதிப்பிலிருந்து கூடவே வந்து
ஒட்டிக்கொண்டிருக்கிறது ஒரு நகலாக்கத் தொகுதி,
குடிபோன வீட்டுப் பரணில்
யாருடையது என்றே தெரியாத பெட்டி மாதிரி.

கையேடு சொல்கிறது:
இந்த வகையை இனிப் புதிதாய் உண்டாக்க முடியாது.
திருத்தலாம். அழிக்கலாம்.
அழித்தால் அழித்ததுதான்.

உள்ளே ஐந்து பெயர்கள்.
சர்வர்களுக்கு யாரோ பறவைப் பெயர் வைத்த காலம்:
அல்பட்ரோஸ், கொண்டோர், கைக்கேன், ஞாந்து, பெங்குவின்.
பெங்குவினை நாலு வருஷம் முன்பே
கழற்றிவிட்டார்கள். அதன் கூட்டில் இப்போது
யெர்கோ ஸ்பானர்கள் வைத்திருக்கிறார்.
இருந்தும் மற்ற நான்கும்
டிக்கெட் எடுக்க வந்த ஒவ்வொருவரைப் பற்றியும்
அதற்கு ஒரு நகல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன.
பதில் இல்லை. காத்திரு. மறுபடி அனுப்பு.
வெள்ளிக்கிழமைகளில் தளம் ஏன் தவழ்கிறது என்று
மூன்று கூட்டம் போட்டோம்.
காற்றின் மேல் பழியைப் போட்டோம்.

விளக்கக் கட்டத்தில் ஒரே ஒரு வரி:
"என்னைக் கேட்காமல் அழிக்காதே. கார்கமோ."

எர்மோஹெனெஸ் கார்கமோ
இப்போது அந்தோஃபகாஸ்தா பக்கம், செம்புச் சுரங்கத்தில்,
லாரி எத்தனை நடை போனது என்று எண்ணும்
மென்பொருளுக்குக் காவல்.
இரவுப் பணிதான் அவருக்கும். அழைத்தேன்.

"இவானியா, நானா எழுதினேன்?"
பின்னால் ஏதோ கல்லை மெல்லும் இரைச்சல்.
"அழித்தால் என்ன ஆகும்?"
அதைத்தான் நான் அவரிடம் கேட்டிருந்தேன்.
சிரித்தார், இருமினார்.
அப்புறம், காற்று எப்படி, என்றார்.
எழுபது, என்றேன்.
"இங்கேயும் அடிக்கிறதாம்.
ஆடிக் காட்ட ஓர் இலை இல்லை."
வைத்துவிட்டார்.

ஆறு வருஷம்
ஒருவர் பின் ஒருவராய்த் தொடாமல் சுற்றிப் போன கட்டளை.
இட்டவருக்கே நினைவில்லை.

புதுத் தொகுதியைத் திறந்தேன்.
பழையது கேட்டிராத ஒன்றை அது கேட்டது:
எத்தனை நகல்?
எல்லோரிடமுமா, ஒருவரிடம் மட்டுமா,
இல்லை நீயே ஓர் எண் சொல்கிறாயா?
எல்லோரிடமும், என்றார் யெர்கோ.
வண்டிச் சாவிக்கு நான்கு பிரதி வைத்திருப்பவர்,
நான்கையும் ஒரே வளையத்தில்.
ஒன்று, என்று இட்டேன்.

நான்கு பறவைகளையும் இந்தப் பக்கம் நகர்த்தினேன்.
பெங்குவினை நகர்த்த எதுவும் இல்லை.
விளக்கக் கட்டத்தில் தேதி, காரணம்,
எனக்கு விளங்காமல் போன இரண்டு விஷயங்கள்.
கீழே: என்னைத் தேட வேண்டாம், இதுதான் எனக்குத் தெரிந்தது.
பிறகு பழையதைத் தொட்டு, அழி.
நிச்சயமா, என்றது.
இல்லை. ஆனாலும் ஆம்.

சேமித்து, எல்லாவற்றையும் படுக்கவைத்து, எழுப்பியபோது
மூன்று இருபது.
சோதித்தாக வேண்டும், ஒன்றைச் சாகடித்து.

அந்நேரத்தில் உள்ளே ஒரே ஓர் ஆள்,
கொண்டோரின் பிடியில்.
ரியோ வெர்தே பக்கத்து லாரிக்காரர்.
வண்டி நீளம் பதினொன்று மீட்டர்.
சரக்கு: செம்மறி, நூற்று நாற்பது.
பெயரை இன்னும் இடவில்லை.
அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கலாம்.
காத்திருக்கவில்லை.
கொண்டோரை நிறுத்தினேன்.

யெர்கோ மூச்சுவிடவில்லை, நானும்.
பதிவேட்டில் ஒரு வரி, இரண்டு வரி.
கைக்கேன் அவரை ஏந்திக்கொண்டது.
நூற்று நாற்பது நூற்று நாற்பதாகவே இருந்தது,
ஓர் ஆடும் குறையவில்லை.
பெயர்க் கட்டத்தில் எழுத்து விழத் தொடங்கியது:
ஓ, லே, கா...

அவர் திரையில் ஒரு நொடி
வட்டம் சுழன்றிருக்கும்.
காற்று, என்று நினைத்திருப்பார்.