கதவுக்கு இந்தப் பக்கம்

ஆறு நாற்காலி போட்டிருந்தேன்.
பரமேஸ்வரி பதினொன்று கேட்டாள்.
"எங்க ஆளுங்கள நிக்க வச்சா பேசுவீங்க?"

ஈசூன். குடும்பச் சேவை நிலையத்தின் இரண்டாம் அறை.
துவாஸில் இரவு வேலை முடித்து
பாதுகாப்புக் காலணியோடே வந்தார் தாய்மாமன்.
ஆறு வருடமாய் இவளோடு பேச்சில்லாத அவர் மனைவி
மீ கோரேங் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால்.
சாங்கியிலிருந்து (விமான நிலையம் அல்ல)
நான்கு மாதம் முன்பு வெளிவந்த அப்பா
சுவரோடு சுவராக.
பக்கத்து வீட்டுத் திருமதி கோவும் வந்திருந்தார்.
எங்களுக்கு முதலில் தகவல் தந்தது யாரென்று
அறையில் எல்லோருக்கும் ஓர் ஊகம் இருந்தது.
நான் சொல்ல முடியாது. அவர்களும் கேட்கவில்லை.

என் கோப்பில் முதல் நாள் குறிப்பு:
'தாய் ஒத்துழைக்கவில்லை. கதவு திறக்கப்படவில்லை.'
கம்பிகளின் ஊடே பார்த்ததில்
குளிர்பெட்டி மேலிருந்த ரோத்தானை எழுதினேன்.
நாற்காலி முதுகில், மடிப்புக் கலையாமல்
தேய்த்துப் போட்டிருந்த பள்ளிச் சீருடையை
எழுதவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
நிவிஷாவின் தொடையில் எட்டுக் கோடுகள்.
எட்டை ஏழாக்கவில்லை.
"இது மறுபடி நடக்கக் கூடாது.
எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள்."
பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.
அதுதான் முறை. பயிற்சியில் சுலபமாக இருந்தது.

முதலில் சத்தமே இல்லை.
அப்புறம் ஒரு கத்தல்.
என் கை கைப்பிடிக்குப் போய்
அங்கேயே கொஞ்ச நேரம் இருந்து
திரும்பி வந்தது.
யாரோ அழுதார்கள், ஆணா பெண்ணா தெரியவில்லை.
யாரோ கேட்டார்கள்: "இதுல கோழி இருக்கா?"
நடுவில் கதவு திறந்து, விளையாட்டறையிலிருந்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.
ஹஸ்லினா அவளோடு உள்ளே போனாள்.
நான் இயந்திரத்தில் மைலோ வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு மணி நாற்பது நிமிடம்.
மளிகைக்கடை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்
என் படிவத்தில் கட்டமே இல்லாதவை:
இப்போதைக்கு மாமி வீடு.
காலை ஆறேகால், பள்ளிப் பேருந்து வரை அப்பா.
பரமாவுக்குத் தலைக்கேறினால் நடைபாதைக்கு வந்துவிட வேண்டும்.
திருமதி கோ எதுவும் கேட்க மாட்டார், நாற்காலி போடுவார்.
ரோத்தான் மாமன் கையில். உடைத்துப் போடுவது அவர் பொறுப்பு.
கடைசி வரி, தொடக்கநிலை மூன்றின் கோணல் எழுத்தில்:
'என் போல்ஸ்டர் என்கூட வரணும்.'

மேலதிகாரி கேட்பார், இது போதுமா என்று.
தெரியாது.
வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டும், முன்னறிவிப்பில்லாமலும்.
'ஒத்துழைக்கவில்லை'யை அடித்துவிட்டு
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மின்தூக்கி வரை பரமேஸ்வரி கூட வந்தாள்.
நன்றி எல்லாம் சொல்லவில்லை.
"வியாழக்கிழமை வருவீங்கல்ல?
அந்தக் கம்பிக் கதவு துருப்பிடிச்சிருக்கு.
நான் உள்ளேருந்து இழுக்கிறப்ப
நீங்க வெளிய இருந்து கொஞ்சம் தள்ளணும்."