கடன் நோட்டு

பேரணாம்பட்டு ஸ்டேஷனுக்கு தினம் ஆறு டீ.
மாசக் கடைசியில் பணம்,
தந்தால்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு
ஏழு என்று எழுதியிருக்கிறேன்.
திங்கள் ஏழு, ஒரு பன்.
செவ்வாய் ஏழு கொண்டுபோனேன்;
ஒன்று ஆடை படிந்து
அப்படியே திரும்பி வந்தது.

அவர்கள் டைரியில்
தோல் ஷாப் தசரதன்
செவ்வாய் ராத்திரிதான் பிடிபட்டான்.
ஓடும்போது மலட்டாற்றுப் பாறையில் விழுந்தான்.
விழுந்தவனுக்கு
உள்ளங்காலிலா அத்தனை வீக்கம்?

கடமையில் இருந்தவர்கள் மேல் வழக்கா,
அரசு அனுமதி எங்கே என்றார்கள்.
அனுமதி வர நாலு வருஷம்.
அதற்குள் இன்ஸ்பெக்டர் டிஎஸ்பி ஆனார்,
என் கடைக்குக் குப்பம் ரோட்டில் இடமில்லாமல் போனது.

சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் சிரித்தார்:
டீக்கடை நோட்டு ஒரு சாட்சியமா?
ஐயா, ஸ்டேஷன் கணக்கில்
ஒரு டீ கூட்டி எழுதிவிட்டு
நான் இந்த ஊரில் கடை போட முடியுமா?

நீதிபதி நோட்டை வாங்கி
நம்பர் போட்டார். பதினாலு.
தீர்ப்பு இன்னும் வரவில்லை.

வெளியே புங்க மரத்தடியில்
அவன் சம்சாரம் அஞ்சலாட்சி நின்றாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
அந்தச் செவ்வாய் டீக்குக் காசு நீட்டினாள்.
வேண்டாம்மா என்றேன்.

"சக்கரை போட்டிருந்தியாண்ணா?"