ரசீதின் பின்பக்கம்

கண்ணாடிகளை முதலில் கழற்றினேன்.
பின்னால் வருவது இனி என் கவலை இல்லை.
ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்ட்,
எல்லாம் பீர் வந்த அட்டைப்பெட்டிக்குள்.
சட்டம் கேட்டதைச் சட்டத்திடமே கொடுத்தபின்
வண்டி ஆறு கிலோ இளைத்திருந்தது.
நான் இளைக்கவில்லை.

ஆயில் போல்ட்டின் தலையில் ஒரு மெல்லிய துளை.
மூன்று டிரில் பிட் உடைந்து நான்காவது உள்ளே போயிற்று.
கம்பி கோத்து முறுக்கினேன்,
டயாலிசிஸ் வார்டில் குழாயைப் பொருத்துகிற அதே விரல்களால்.
கழன்றால் தடத்தில் எண்ணெய் சிந்தும்.
சிந்தினால் பின்னால் வருபவன் விழுவான்.
ஆக,
பின்னால் வருவதும் என் கவலைதான்.

எங்கள் ஊர் மோஸ்ட்.
அடியில் நிலக்கரி இருந்ததால்
பழைய ஊரையே இல்லாமல் ஆக்கியவர்கள் நாங்கள்.
ஒரே ஒரு தேவாலயத்தை மட்டும் இடிக்க மனம் வராமல்
தண்டவாளத்தில் ஏற்றி,
நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்,
எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர் நகர்த்தினார்கள்.
நத்தை பார்த்தால் சிரித்திருக்கும்.
நான் நகர்த்த வேண்டியது முன் ஃபோர்க்கை.
மூன்று மில்லிமீட்டர்.
அதற்கே இரவு ஒன்பதரை.

ஆள் ஏறினால் வண்டி எவ்வளவு அமிழ்கிறது?
ஏறியவரே அளக்க முடியாது.
கீழ்த்தளக் கடையை மூடிவிட்டு ஹுவான் வந்தார்,
காதில் பென்சில், கையில் மீன்சாஸ் வாசம்.
தோல் உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட்டோடு நான் ஏற
அவர் டேப்பைப் பிடித்தார்.
"நானும் ஒரு தடவை?"
ஏறினார். ஹாண்டிலில் குனிந்தார்.
காரேஜின் ஒற்றைப் பல்புக்குக் கீழே
எங்கேயோ இடப்பக்கம் சாய்ந்து திரும்பினார்.
அதையும் அளந்தேன், விளையாட்டுக்கு.
ரசீதின் பின்பக்கம் இரண்டு எண்கள், பெயரில்லாமல்.

சனிக்கிழமை.
சத்தம் அளக்கும் கருவி முறைத்தது, பிறகு விட்டது.
டயருக்குச் சூட்டுப் போர்வை,
ஸ்பீடோமீட்டர் மேல் கறுப்பு டேப்.
முதல் இருபது நிமிடம் வண்டி என்னோடு பேசவில்லை.
வளைவுக்குள் தலை நுழைக்க மறுத்து
கர்பின் சிவப்பு வெள்ளையை நோக்கியே ஓடியது.
பிரேக்கை இன்னும் தாமதித்தேன். இன்னும் அகலம்.
இரண்டாவது முறை புல்லையே பார்த்துவிட்டேன்.
பயத்துக்குப் பல பெயர் வைத்தேன்:
டயர், காற்று, வயது நாற்பத்து நான்கு.
பக்கத்து பிட்டில் கெம்னிட்ஸ்காரன் ஃபால்க்
சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தாமல் சொன்னான்:
"உன் வண்டி வாத்து மாதிரி பின்னால் உட்காருகிறது."

ரசீதை எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
முப்பத்தொன்றைப் பார்த்ததும் "சரியாக இருக்கிறது" என்று
காரேஜைப் பூட்டியவள் நான்தான்.
ஆசை தனக்குப் பிடித்த எண்ணைத்தான் முதலில் வாசிக்கும்.
அது ஹுவான். ஐம்பத்தெட்டு கிலோ.
நாற்பத்திரண்டு நான்.

தரையில் உட்கார்ந்தே சிரித்தேன், முழங்காலில் ஸ்பானரோடு.
பின் ஸ்பிரிங்கின் வளையத்தை மூன்று சுற்று இறுக்கினேன்.
ஃபால்க் டேப் பிடித்தான்.
இந்த முறை உரக்க வாசிக்கச் சொன்னேன்.

நான்காவது ஓட்டம்.
நேர்ச்சாலையின் முடிவில்
இரட்டை வளைவு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.
பார்த்தேன்.
பார்த்த இடத்தில் இருந்தேன்.
வேறு என்ன சொல்ல.

இரவு கடையில்
பத்து முட்டை, ஒரு ரொட்டி, வெங்காயத் தாள்.
"எப்படி?" என்றார் ஹுவான்.
"மத்தியானம் வரை உங்கள் வண்டியை ஓட்டினேன்."
கல்லாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.
"வேகமா போச்சா?"
"வளையவே இல்லை."