சரியான வடிவில் உள்ளிடவும்

புவேர்த்தோ மோன்ட். மீன்வள அலுவலகம், இரண்டாம் மாடி.
மழை ஜன்னலைக் கிடைவாக்கில் அடிக்கிறது.
கடல் சிவந்து சிப்பிகள் நஞ்சாகி
இன்றோடு நாற்பது நாள்.
நிவாரணப் பதிவுப் படிவத்தை எழுதியவள் நான்.
பெயர். படகின் எண். மிதவைகள் எத்தனை.
மின்னஞ்சல்.

மின்னஞ்சலைச் சோதிக்க ஒரு வரி,
முழுக்கக் குறிகளால் ஆனது.
இருபத்தாறு எழுத்து, பத்து எண், புள்ளி, கீழ்க்கோடு,
பிறகு ஒரு சுழி, பிறகு மறுபடி அதே கூட்டம்,
கடைசிப் புள்ளிக்குப் பின்
இரண்டு முதல் நான்கு எழுத்துக்கு மட்டும் இடம்.
எங்கிருந்தோ எடுத்தேன். ஒட்டினேன். ஓடியது. மறந்தேன்.

இன்றிரவு பதிவேட்டைத் திறந்தால்
கெய்லென் கரையிலிருந்து ஒரே ஆள்,
எலெயோதோரோ ஞன்குபெல்,
மாலை நான்கு பன்னிரண்டுக்குத் தொடங்கி
பதினோரு முறை.

எலெயோதோரோ, சுழி, ஞன்குபெல், புள்ளி, சீ எல்.
சொந்தப் பெயரில் வாங்கிய முகவரி.
அந்த முதல் எழுத்து
எங்கள் எழுத்துவரிசையில், தலையில் ஓர் அலை வைத்த ன.
செல்லாது என்றது என் வரி,
சிவப்பில்.

இரண்டாம் முறை அதையேதான்.
மூன்றாவதில் எல்லாம் பெரிய எழுத்து,
காற்றுக்கு எதிரே கத்துவதுபோல.
நான்காவதில் முன்னால் ஓர் இடைவெளி.
ஐந்தாவதில் முகவரியின் வாலில்
'தயவுசெய்து' என்று சேர்த்திருந்தார்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருபது நிமிடம்.
மின்சாரம் போனதா, அடுப்பில் ஏதும் இருந்ததா,
யாரையாவது கேட்கப் போனாரா,
பதிவேடு சொல்லாது.
பத்தாவதில் வெறும் ஞ.

ஒருமுறைகூட அலையை எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் என் வரி உள்ளே விட்டிருக்கும்,
கடிதம் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

பதினொன்று:
நோதெங்கோ, சுழி, நோதெங்கோ, புள்ளி, சீ எல்.
என்னிடம் இல்லை என்று பொருள்.
என்னிடம் இல்லை என்கிற ஆள்,
என்னிடம் இல்லை என்கிற ஊரில்.
என் வரி எழுந்து வழிவிட்டது.
பச்சையில் ஒரு சரிக்குறி.
நன்றி, உறுதிசெய்யும் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது.

தேடிப் பார்த்தேன். இன்னும் அறுபத்து மூன்று.
தெரியாது சுழி தெரியாது. ஆஆஆ சுழி ஆஆ.
ஒருவர் எங்கள் அலுவலக முகவரியையே
எங்களுக்குத் தந்திருந்தார்.
எல்லாம் ஒழுங்கான வடிவம். எல்லாம் பச்சை.

நஞ்சேறிய சிப்பியும் நல்ல சிப்பியும்
ஓட்டைப் பார்த்தால் ஒன்றுதான்.
மணக்காது, நிறம் மாறாது,
ஆய்வகத்தில் சதையை அரைத்தால்தான் தெரியும்.
இந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தையும் சொல்லும்.
நான் ஓட்டைத் தடவிப் பார்த்துச்
சான்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வரியை அழித்தேன்.
சுழி இருக்கிறதா, அதன் இருபுறமும் ஏதாவது இருக்கிறதா,
அவ்வளவுதான் இனிக் கேள்வி.
மீதியைக் கடிதம் பார்த்துக்கொள்ளட்டும்:
போனால் போகும், இல்லையென்றால் திரும்பும்.

முதல் முயற்சியில் இருந்த முகவரிக்கு
நானே அனுப்பினேன்.
பழைய இயந்திரங்களுக்கு அலை புரியாதாம்,
அந்தப் பெயருக்கு
எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும்
ஒரு வேடம் மாட்டி அனுப்ப வேண்டியிருந்தது.
மணி இரண்டு நாற்பது. திரும்பி வரவில்லை.
மூன்று இருபது. திரும்பி வரவில்லை.
பதிலும் இல்லை.

ஆறரைக்கு, மழை கொஞ்சம் நிமிர்ந்து விழத் தொடங்கியபோது,
வந்தது.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை:
மிதவைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறீர்கள்.
பாதி மூழ்கியதை எண்ணலாமா,
அறுந்துபோய் எதிர்த் தீவில் ஒதுங்கியது என்னுடையதா,
எப்படி எழுதுவது?

அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.
எண்கள் மட்டும்,
முழு எண்கள்,
என்று எழுதிவைத்திருக்கிறேன்.